எடுத்தாச்சா என்றாள், எடுத்தாச்சு என்றேன்

அன்பும் பொறுமையும் ஒருசேர வாய்த்த மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் உன் மருமகளான என் மகளும் உன் அப்பாவும் உன் அப்பாவின் பல் செட்டும் ஒரே கூரையின் கீழ் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டாரும் அவரவர் சாமான்களோடு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று உனக்குத் தோன்றலாம். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்கிறாள். நான் "பெட்டி" என்று வாயெடுத்தால், "எந்தப் பெட்டி, யாரு விட்ட பெட்டி, அதையும் சேத்துச் சொல்லுங்க" என்கிறாள். குடும்பக் குழுவில் எழுதலாம் என்றால் அங்கே உன் சின்ன அத்தை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார், அது ஆறுதலா நக்கலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபட்டதில்லை. ஆகையால்தான் கடிதம்.

இதோடு கூட ஒரு பார்சலும் உன் கைக்கு வரும். அதற்குள் இருப்பது நீ எனக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த கேமரா. திருப்பி அனுப்புகிறேன். நானாக அனுப்புகிறேன் என்று நினைத்துவிடாதே. உன் அக்கா போட்ட உத்தரவு. என்ன நடந்தது என்று நீ அவள் வாயால் கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்டுவிட்டால் நல்லது, ஏனென்றால் அவள் வாயால் கேட்டால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

நீ அறிந்ததுதான், எனக்குத் தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. நாள் முழுக்க ஒரு இருட்டறையில் ஊரார் கண்ணுக்கு முன்னால் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, இல்ல இது தெளிவா" என்று கேட்டே வயசாகிவிட்டது. நீ கேமராவைக் கொடுத்த பிறகு அதே கேள்வியை வீட்டிலும் கேட்க ஆரம்பித்தேன். அதில் என்ன தப்பு? கடையில் கேட்டால் பதில் சொல்கிறார்கள். வீட்டில் உன் அக்கா, "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, தட்டக் குடுங்க, சாப்பாடு ஆறுது" என்கிறாள். அந்தத் தட்டை நான் சும்மா வைத்துக்கொண்டிருக்கவில்லை, வெள்ளைத் தட்டு, வெளிச்சத்தை முகத்தில் திருப்புவதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் மருமகளைக் கேட்டால் அவள் இன்னும் ஒரு படி மேலே. "அப்பா, நீங்க போகஸ் பண்ணி முடிக்கறதுக்குள்ள நான் காலேஜ் முடிச்சு வேலைக்கே போயிடுவேன்" என்கிறாள். போகட்டும், இதெல்லாம் வழக்கமான மண்டகப்படி. இதற்காகவெல்லாம் யாரும் கேமராவைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை.

மாமா எங்களோடு வந்து தங்கிய பிறகு அவரை எங்கேயாவது அழைத்துப் போக வேண்டும் என்று உன் அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏரி இருக்கிற ஊராகப் பார்த்து ரயிலில் டிக்கெட் போட்டேன். உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தணிக்கை அலுவலகத்தில் காலம் தள்ளிய மனுஷன், சிரித்தால் எங்கேயாவது கணக்கில் தப்பு விட்டுவிடுவோம் என்று உதட்டை இறுக்கிக்கொண்டே வாழ்ந்தவர். உங்கள் வீட்டு ஆல்பத்தில் அவர் இருக்கிற எந்தப் படத்தை வெட்டினாலும் பாஸ்போர்ட்டுக்கு ஒட்டலாம். எங்கள் கல்யாணப் படத்தில்கூட என்னைப் பார்த்து "ஆதாரம் எங்கே" என்று கேட்கிற மாதிரிதான் நிற்பார். ரயிலில் சாப்பிட்டு முடித்ததும் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பல் செட்டைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டார். டப்பா தொலைந்துவிடப் போகிறது என்று உன் அக்கா அதை வாங்கி நீலப் பெட்டியின் பக்கவாட்டு ஜிப்புக்குள் பத்திரமாக வைத்தாள். பத்திரம் என்பது அவள் வார்த்தை.

இறங்க வேண்டிய ஸ்டேஷன் சின்னது, ரயில் நின்ற மாதிரி நின்று கிளம்பிவிடும். யார் எதை எடுப்பது என்று உன் அக்கா முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட்டாள். மாமாவும் சாப்பாட்டுக் கூடையும் அவள் பொறுப்பு, முதுகுப் பைகள் மகள் பொறுப்பு, நீலப் பெட்டி என் பொறுப்பு. நான் பொறுப்பில்லாதவன் இல்லை. இறங்கத் தயாராகப் பெட்டியை நானே சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்து ஜன்னலோரம் தூக்கி வைத்தேன். ரயில் நின்றது. அப்போது பார், சாயங்கால வெயில் அந்த வாசற்படியில் சாய்வாக விழுகிறது. உன் அக்கா உன் அப்பாவின் கையைப் பிடித்து இறக்கப் போகிறாள், பின்னால் மகள். இப்படி ஒரு காட்சி கிடைக்குமா? முதல் ஆளாகக் குதித்து இறங்கி, நாலடி பின்னால் போய், எடுத்தேன். எல்லோரும் இறங்கினார்கள். உன் அக்கா கேட்டாள்: "எடுத்தாச்சா?" நான் சொன்னேன்: "எடுத்தாச்சு." அதோடு நிறுத்தினேனா, "அருமையா வந்திருக்கு" என்றும் சொன்னேன். ரயில் போய்விட்டது.

இப்போது நீயே நியாயத்தைச் சொல். அவள் கேட்டது பெட்டியை, நான் சொன்னது படத்தை. எடுப்பது என்று தமிழில் இத்தனை காரியத்துக்கும் ஒரே சொல்லை வைத்தது என் குற்றமா? பசி எடுக்கிறது, ஓட்டம் எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம், படம் எடுக்கிறோம், பெட்டியும் எடுக்கிறோம். அது கிடக்கட்டும். நான் "அருமையா வந்திருக்கு" என்று சொன்னபோதாவது அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டாமா? பெட்டி எப்படியப்பா அருமையாக வரும்? இதை உன் அக்காவிடம் கேட்டேன். "வந்திருந்தா அருமையாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடினோம். நல்ல மனுஷர், ஆனால் எங்களுக்குள் பேச்சு ஒட்டவில்லை. "என்ன விட்டுட்டீங்க?" என்றார். "பெட்டி" என்றேன். "எந்தப் பெட்டி?" "நீலப் பெட்டி." "எல்லாப் பெட்டியும் நீலந்தான் சார். நம்பர் சொல்லுங்க." எனக்குச் சுருக்கென்றது. நம்பர் பூட்டு போட்ட பெட்டிதான், அந்த நம்பரை முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? "அது எதுக்கு சார் உங்களுக்கு?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சார், பெட்டியோட நம்பர் வேணாம். அந்தப் பெட்டி இருக்கற பெட்டியோட நம்பர்" என்றார். தலை சுற்றியது. உன் மருமகள் குறுக்கே வந்து, "அப்பா, கேமராவக் குடுங்க" என்று வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் காட்டினாள். ரயில் பெட்டியின் நம்பர் வாசல் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஜன்னலில் நம் பெட்டி பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "முகம் எதுவும் சரியா விழல, பெட்டி நல்லா விழுந்திருக்கு சார்" என்றார். உண்மைதான். மூன்று பேர் முகமும் மங்கல். இந்தக் கேமரா முகத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் என்று நீ சொல்லிக் கொடுத்தாய். அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டும் நடுவில் ஒரு கைப்பிடியும் இருக்கின்றன. நம் குடும்பத்திலேயே அதுதான் களையான முகம் என்று கேமரா முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

அந்தப் படத்தை வைத்துத்தான் அவர் போன் போட்டுச் சொல்லி, கடைசி ஸ்டேஷனில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். நாங்கள் ஊர் திரும்பும் அன்று கைக்கு வந்துவிடும் என்று சொன்னார். ஆகப் பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார்? கேமரா. இதை நான் சொன்னபோது உன் அக்கா, "தொலைச்சது யாரு?" என்று கேட்டாள். அதற்குமேல் அந்த விவாதத்தை நான் வளர்க்கவில்லை.

பெட்டியோடு துணிமணி எல்லாம் போயிற்று, உன் அப்பாவின் பல் போயிற்று, கேமராவின் சார்ஜரும் போயிற்று. தங்கின விடுதிக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே துணிக்கடை, அதில் இருந்தது ஒரே மாதிரி பனியன், நெஞ்சில் ஒரு மஞ்சள் வாத்து. நாலு பேருக்கும் அதுதான். உன் அப்பா முதலில் முடியாது என்றார். பிறகு போட்டிருந்த சட்டையில் சூப்பைக் கொட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் வாத்துக்குள் புகுந்தார். பல் இல்லாததால் சூப், பாலில் நனைத்த ரொட்டி, வாழைப்பழம் இவைதான் ஆகாரம். அன்றைக்குத்தான் அவர் உனக்குப் போன் செய்தது. பல்லு போனா சொல்லு போச்சு என்று பெரியவர்கள் தெரியாமலா சொன்னார்கள். அவர் "பல் போச்சு" என்று சொன்னது உனக்கு "பால் போச்சு" என்று கேட்டிருக்கிறது. நீயும் பாவம், "போனாப் போகுதுப்பா, வேற வாங்கிக்கலாம், இதுக்குப் போய் போன் பண்றீங்களே" என்று சொல்லி வைத்துவிட்டாய். "பெத்த பையனுக்கு என் பல்லுன்னா அவ்வளவு இளக்காரமாப் போச்சு" என்று அன்று முழுக்க மனுஷர் ஏரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் விளக்கிச் சொல்லிவிட்டேன், இருந்தாலும் நீயும் ஒரு வார்த்தை பேசிவிடு.

சார்ஜர் இல்லாமல் கேமராவில் ஒரே ஒரு கோடுதான் மிச்சம். உன் மருமகள், "போன்ல எடுங்கப்பா" என்றாள். போனில் எடுப்பதெல்லாம் படமா என்று கடைக்கு வருகிறவனிடமெல்லாம் சொன்ன வாய் இது, எந்த முகத்தோடு எடுப்பேன்? கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். மச்சான், ஒன்று சொல்கிறேன், உனக்குள் வைத்துக்கொள். நன்றாகத்தான் இருந்தது. உன் அக்காவோடு ஏரியைச் சுற்றி இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தேன். அவள் பேசியது எல்லாம் காதில் விழுந்தது. மாமாவுக்கு ஊன்றிக்கொள்ளக் கேமரா ஸ்டாண்டை மடக்கிக் கொடுத்தேன், அதைத் தட்டித் தட்டி எங்களுக்கு முன்னால் நடந்தார், இப்போதும் அதைத் திருப்பித் தருவதாக இல்லை. உன் மருமகள் அவருக்கு வாழைப்பழத்தை உரித்து உரித்துக் கொடுத்தாள். குடும்பத்தோடு ஊருக்குப் போவது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று எனக்கே தோன்றியது.

ஆனாலும் கிளம்புகிற நாளன்று ஒரே ஒரு படமாவது வேண்டுமே. நாலு பேரும் வாத்துப் பனியனில் இருக்கிறோம், இது இனி வாய்க்குமா? மூன்று பேரையும் படகுத் துறையில் நிறுத்தினேன். பனியனும் வர வேண்டும், துறையின் பெயர்ப் பலகையும் வர வேண்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பின்னால் நகர்ந்தேன். உன் அக்கா, "ஏங்க, பின்னாடி பாருங்க" என்றாள். அவர்களுக்குப் பின்னாடி தெரிகிற மரங்களைச் சொல்கிறாள் என்று நினைத்து, "பின்னாடி ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு அடி வைத்தேன். ஏரி. இடுப்பளவுதான், பயப்படாதே. விழுந்தவன் கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், அதில் நனைந்தது பட்டை மட்டுமே. படகுக்காரர் எட்டிப் பார்த்து, "சார், குளிக்கற எடம் அந்தப் பக்கம்" என்றார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. படகு மோட்டாரைத்தான் யாரோ முடுக்குகிறார்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் உன் அப்பா சிரிக்கிறார்.

தூக்கிப் பிடித்த கையில் விரல் எங்கேயோ பட்டிருக்கிறது. ஊர் திரும்பி, வழியில் பெட்டியை வாங்கி, பல்லைப் பல் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, கேமராவுக்குச் சார்ஜ் ஏற்றி, டிவியில் மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, படம் விழுந்திருக்கிறது. ஏரி சாய்ந்து கிடக்கிறது, உன் அக்கா பாதிதான் இருக்கிறாள், உன் மருமகளின் கை மட்டும் இருக்கிறது. நட்ட நடுவில் உன் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு, பொக்கை வாயைத் திறந்தது திறந்தபடி சிரிக்கிறார். நான் வெளிச்சம் பார்த்து, தட்டைப் பிடித்து, மூச்சடக்கி எடுத்த எதுவும் இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. உன் அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமாவுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. "அழிச்சிடுங்க மாப்பிள்ளை. பல்லில்லாத கிழவன் சிரிக்கறத யாரு பாக்கறது" என்றார். மாமனார் சொல்லை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்? அந்த நிமிஷமே அழித்தேன். அரைகுறையாக அழிக்கிற ஆளும் இல்லை நான், கார்டையே துடைத்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சுவரையும் பீரோவையும் மாற்றி மாற்றி எடுத்து நிரப்பிவிட்டேன். இனி யாராலும் மீட்க முடியாது, மாமா நிம்மதியாகச் சாப்பிடலாம்.

உன் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குள் போனாள். பாத்திரங்கள் சொல்லின. காலையில் எழுந்து காபியை வைத்துவிட்டு, "அத தம்பிக்கே திருப்பி அனுப்பிடுங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னோடும் பேச்சில்லை, மாமாவோடும் பேச்சில்லை. எனக்குத்தான் விளங்கவில்லை. பெட்டி போனபோது திட்டினாள், அது முறை. நான் ஏரியில் விழுந்தபோது துண்டு கொடுத்தாள். பெட்டி வந்தது, பல் வந்தது, நானும் காய்ந்துவிட்டேன், எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு இந்தக் கோபம். எப்படிப் பார்த்தாலும் நீலப் பெட்டிதான் காரணம், உள்ளே போட்டு ஊறவைத்திருக்கிறாள்.

மச்சான், கடைசியாக ஒரு விஷயம். பார்சல் வந்ததும் நீ பிரிக்க வேண்டாம். "அத்தானுக்குன்னு குடுத்தத நான் எப்படி வாங்கறது" என்று அக்காவிடம் வருத்தப்பட்டுவிட்டு அப்படியே திருப்பி அனுப்பலாம். அனுப்பு என்று நான் சொல்லவில்லை. அனுப்பினால் கடை முகவரிக்கு அனுப்பு.

உன் தொழில் ஓங்கவும், உன் பிள்ளைகள் சமர்த்தாக வளரவும், உன் பற்கள் நீடூழி உன்னிடமே இருக்கவும் மனதார வாழ்த்துகிறேன். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
பெட்டியை எடுத்திருக்க வேண்டிய
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கேமராவைத் திருப்பி அனுப்புகிற சம்பந்தப்பட்டதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. பெட்டிமேல் கோபம் என்று எழுதினேனே, அதையும் அடித்துவிடு. பார்சலுக்கு டேப் ஒட்டி முடித்து, கூரியர்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா கத்தரிக்கோலோடு வந்தாள். டேப்பின் நுனியை நறுக்க வந்தாள் என்று பார்த்தால், அட்டைப் பெட்டியையே கிழித்தாள். கேமராவை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, "பெட்டிய விட்டீங்க, வந்துருச்சு. தண்ணில விழுந்தீங்க, எந்திரிச்சுட்டீங்க. அதுக்கெல்லாம் யாருங்க கோவப்பட்டா? எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேந்து எங்கப்பா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அவரு அழிக்கச் சொன்னாரு, நீங்க அழிச்சீங்க. நடுவுல நான் ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தேனே, என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிற எனக்கு, பக்கத்தில் நின்றவள் கண் தெரியவில்லை.

ஹாலுக்குப் போனால் உன் அப்பா தேய்த்த வெள்ளைச் சட்டையில், தலை வாரி, பல் செட்டை டம்ளரில் போட்டுவிட்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருக்கிறார். "இவ என்கூடப் பேசமாட்டேங்கறா மாப்பிள்ளை. சீக்கிரம் முடிங்க" என்றார். சிரிப்பு என்ன, குழாயில் வருகிற தண்ணீரா, திறந்ததும் வர? மகள் ஜோக்குச் சொன்னாள். நான் வேண்டுமானால் இன்னொரு தடவை விழுகிறேன் என்றேன். அவர் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கூரியர்காரர் வாசலில் வந்து, "சார், ரெடியா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, ஆபீசில் பதில் சொல்கிற அதே முகத்தோடு, "கொஞ்சம் இருங்க தம்பி, நான் இன்னும் சிரிக்கல" என்றார். முதலில் உடைந்தது உன் அக்காதான். சிரித்துக்கொண்டே அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து அவரும் ஆரம்பித்தார். உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு மச்சான், இதுவரை யாருக்கும் தெரியாது.

அப்போது எடுத்த படத்தைத்தான் இந்த உறையில் வைத்திருக்கிறேன், கேமரா வராது. படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. கேமராவில் கோளாறு எதுவும் இல்லை, எடுத்தவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.